சோபாவில் மூன்றாவது ஆள்

செவ்வாய், நியூயார்க்

"இவ்வளவுதானா சித்தி?" என்றான் கார்த்திக், 6பி அரங்கத்துக்குள் கால் வைத்ததும்.

அவன் கேட்டதில் தப்பில்லை. ஜிம்மி ஃபாலன் நடத்தும் டுநைட் ஷோ என்ற இரவு நேரப் பேட்டி நிகழ்ச்சியை டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய அரங்கமாகத்தான் தெரியும். நேரில் பார்த்தால் அடக்கமான இடம். பார்வையாளர் வரிசைகள் செங்குத்தாக மேலேறுகின்றன, முதல் வரிசையில் உட்கார்ந்தவர் எட்டிக் கை நீட்டினால் மேடையைத் தொட்டுவிடலாம் போல. அகலக் கோணம் காட்டும் லென்ஸ் செய்கிற வேலை அது. வாழ்நாளெல்லாம் தொலைக்காட்சி எடிட்டிங் அறையில் கழித்தவள் நான், எனக்கு ஆச்சரியமில்லை. என் அக்கா மகன் கணினிக்காரன், பாவம்.

ராக்பெல்லர் பிளாசா 30ஆம் எண் கட்டடத்தில் என்பிசி தொலைக்காட்சி நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறது. கூட்டிப்போனது சீருடை போட்ட ஒரு சின்னப் பெண். இவர்களுக்குப் பேஜ் என்று பெயர். அரங்கத்துக்குள் படம் எடுக்க விடவில்லை. அந்தப் பெண் ஃபாலனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், நான் வேறொரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

1962 அக்டோபர் 1ஆம் தேதி ஜானி கார்சன் இந்த நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது இதே 6பியில்தான். அவரை மேடைக்கு அறிமுகப்படுத்தியவர் க்ரௌச்சோ மார்க்ஸ். முதல் நாள் விருந்தினர் பட்டியலைப் பாருங்கள்: ஜோன் கிராஃபோர்ட், ரூடி வாலி, டோனி பென்னட், மெல் புரூக்ஸ். ஹாலிவுட்டின் பெரிய நடிகை, பழைய காலத்துப் பாடகர், புதுக் காலத்துப் பாடகர், அப்போது அவ்வளவாகப் பெயர் வாங்காத ஒரு நகைச்சுவைக்காரர். அன்றிலிருந்து 1992 மே வரைக்கும் முப்பது வருடம் அவர் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த முதல் இரவின் படம் இன்று இல்லை. ஒலிப்பதிவும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். கார்சனின் நியூயார்க் காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இப்படித்தான் போயின. இரண்டு அங்குல வீடியோ நாடா அந்தக் காலத்தில் கொள்ளை விலை. ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். நான் இருந்த நிலையத்திலும் இதே கதைதான், நானே என் கையால் அழித்த நாடாக்கள் உண்டு. அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. அலமாரியில் இடம் வேண்டுமே.

தப்பிப் பிழைத்ததில் ஒன்று 1965இல் இங்கே நடந்தது. எட் ஏம்ஸ் என்ற நடிகர், டிவி தொடர் ஒன்றில் செவ்விந்தியராக நடித்துக்கொண்டிருந்தவர், கோடரி எறிவது எப்படி என்று காட்ட வருகிறார். மரப்பலகையில் ஒரு கௌபாயின் உருவம் வரைந்திருக்கிறது. எறிகிறார். கோடரி போய்க் குத்திய இடம் அந்த உருவத்தின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, சரியாக நடுவில், கைப்பிடி மேல்நோக்கி நிற்க. அரங்கம் இடிந்து விழுகிறது. ஏம்ஸ் அவசரமாகக் கோடரியைப் பிடுங்கப் போகிறார். கார்சன் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறார். ஒன்றும் பேசவில்லை. சிரிப்பு கொஞ்சம் அடங்கும்வரை காத்திருக்கிறார், அப்புறம்தான் தன் வரியைப் போடுகிறார், சிரிப்பு மறுபடி கிளம்புகிறது. அந்தக் கையைப் பிடித்ததை நான் எத்தனையோ தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயைத் திறந்து கெடுத்திருப்பார்கள்.

1969 டிசம்பர் 17 அன்று இங்கேதான் டைனி டிம் என்ற பாடகர் மிஸ் விக்கியைக் கல்யாணம் செய்துகொண்டார். நிகழ்ச்சிக்கு நடுவில், மேடையில், பத்தாயிரம் துலிப் பூக்கள் சூழ. சுமார் நான்கு கோடிப் பேர் பார்த்தார்களாம். இதைச் சொன்னதும் கார்த்திக் நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

ஃபாலன் 2014 பிப்ரவரி 17 அன்று தன் முதல் நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை செய்தார். நான் டுநைட் ஷோ நடத்தமாட்டேன் என்று நூறு டாலர் பந்தயம் கட்டிய நண்பர் ஒருவர் எனக்குப் பணம் தரவேண்டும் என்றார். உடனே ராபர்ட் டி நிரோ நடந்து வந்து மேசையில் நூறு டாலரை வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக டீனா ஃபே, மரியா கேரி, மைக் டைசன், லேடி காகா என்று வரிசை. அந்த வரிசையில் ஜோன் ரிவர்ஸ் என்ற நகைச்சுவைக்காரரும் வந்தார். 1965இல் கார்சன் நிகழ்ச்சியில் பெயர் வாங்கி, பின்னால் கார்சன் விடுப்பில் போனால் அவர் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு உயர்ந்து, 1986இல் எதிர்ச் சேனலில் சொந்த நிகழ்ச்சி தொடங்கியவர். அதற்கப்புறம் கார்சன் அவரிடம் பேசவே இல்லை. ரிவர்ஸ் திரும்ப இந்த மேடைக்கு வர இத்தனை வருடம் ஆயிற்று. மொத்தம் சில நொடிகள்தான், ஆனால் கதை தெரிந்தவர்களுக்கு அன்றைய பெரிய விருந்தாளி அவர்தான்.

சிரித்தேன், ரசித்தேன். ஆனால் அந்த வரிசையில் வந்த யாரும் உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்தார்கள், காசை வைத்தார்கள், போனார்கள்.


புதன், நியூயார்க்

மழை. இரண்டு கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

44ஆம் தெருவில் ஹட்சன் தியேட்டர். 1954 செப்டம்பர் 27 அன்று ஸ்டீவ் ஆலன் டுநைட் ஷோவைத் தொடங்கிய இடம். இரவு பதினொன்றரைக்கு மேல் மக்கள் தூங்காமல் டிவி பார்ப்பார்களா என்று சந்தேகப்பட்ட காலத்தில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, இசைக்குழு, விருந்தினர் என்ற அமைப்பை உருவாக்கியவர்களில் ஆலன் முக்கியமானவர். இன்று உலகத்தில் எந்த மொழியில் டாக் ஷோ பார்த்தாலும் அந்த மேசை இருக்கிறது. தியேட்டர் மறுபடி பிராட்வே நாடக அரங்காகிவிட்டது, வாசலில் டிக்கெட் வரிசை நின்றது.

பிராட்வேயில் எட் சல்லிவன் தியேட்டர். இன்னொரு டாக் ஷோக்காரரான டேவிட் லெட்டர்மேன் 1993 ஆகஸ்ட் 30 அன்று தன் நிகழ்ச்சியை இங்கே தொடங்கினார், முதல் விருந்தினர் பில் மரே. அன்று பார்வையாளர் கூட்டத்துக்கு நடுவில் பால் நியூமன் எழுந்து நின்று, பாடுகிற பூனைகள் (கேட்ஸ் என்ற பிராட்வே இசை நாடகம்) எங்கே என்று கேட்டார். நான் தப்பான தியேட்டருக்கு வந்துவிட்டேனோ என்ற முகத்தோடு டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வெளியேறினார். பெரிய நட்சத்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று லெட்டர்மேனுக்குத் தெரியும், அவரும் கார்சன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானே.

நாளைக்கு ஒமாஹாவுக்கு விமானம், அங்கிருந்து கார்சன் வளர்ந்த ஊருக்கு. நியூயார்க் வந்தவர்கள் நயாகரா போவார்கள், நாம் நெப்ராஸ்கா போகிறோம் என்று கார்த்திக் அவன் அம்மாவிடம் போனில் புகார் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா என்னிடம் பேசவில்லை.


வியாழன், நோர்ஃபோக், நெப்ராஸ்கா

ஒமாஹாவிலிருந்து வடமேற்கே காரில் இரண்டு மணி நேரம். இரண்டு பக்கமும் சோளம், நடு நடுவே தானியக் குதிர்கள்.

கார்சன் பிறந்தது பக்கத்து மாநிலமான அயோவாவில், 1925இல். எட்டு வயதில் குடும்பம் இந்த ஊருக்கு வந்தது. பதினான்கு வயதில் கிரேட் கார்சோனி என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளூரில் மேஜிக் காட்சி நடத்தினார், ஒரு காட்சிக்கு 3 டாலர். எல்க்ஹார்ன் வேலி அருங்காட்சியகத்தில் அவருக்கென்றே ஒரு கூடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊரில் அவர் பெயரில் ஒரு சாலை, உயர்நிலைப் பள்ளியில் அவர் பெயரில் ஒரு அரங்கம். 1982இல் தன் ஊருக்குத் திரும்பி வருவதையே ஒரு சிறப்பு நிகழ்ச்சியாக வெளியிட்டார், அதில் பழைய ஆசிரியர்களோடு பேசுகிறார், பழைய வீட்டுக்குள் நுழைகிறார்.

அருங்காட்சியகத்தில் நிறைய நேரம் இருந்தோம். எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டும். அந்த அம்மா என் சேலையைப் பார்த்துவிட்டு எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சென்னை என்றேன். ஜானிக்காகவா என்றார். ஆமாம் என்றதும் அவர் கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, இவர்கள் இந்தியாவிலிருந்து ஜானிக்காக வந்திருக்கிறார்கள் என்று அறிமுகப்படுத்தினார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை குலுக்கினார். ஊர்க்காரன் மேல் இருக்கிற பெருமை எங்கேயும் ஒன்றுதான்.

கார்சன் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்து 1949இல் பட்டம் வாங்கினார். அதற்கு அவர் கொடுத்த ஆய்வு எழுத்தில் இல்லை, ஒலி நாடாவில் இருந்தது. நகைச்சுவை எழுதுவது எப்படி என்பது தலைப்பு. ஜாக் பென்னி, பாப் ஹோப் போன்ற வானொலி ஜாம்பவான்களின் துண்டுகளைப் போட்டுக் காட்டி, இந்தச் சிரிப்பு ஏன் வந்தது, இந்த இடைவெளி ஏன் விடப்பட்டது என்று விளக்குகிறார். இருபத்து மூன்று வயதுப் பையன்! இருபது வருடம் கழித்து அதே பாப் ஹோப் அவர் சோபாவில் வந்து உட்காரப்போகிறார்.

இரவு. மோட்டல் அறை. கார்த்திக் கடையிலிருந்து ரன்சா வாங்கி வந்தான், மாட்டிறைச்சியும் முட்டைகோஸும் உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி, நெப்ராஸ்காக்காரர்கள் உயிரை விடுகிற பண்டம். எனக்கு ஒத்துவராது. புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்தேன். சாப்பிட்டுக்கொண்டே அவனுக்கு 1969ஆம் வருடத்து அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். இந்தப் பயணமே இதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

பாப் ஹோப் வந்த இரவு அது. ஹோப் என்றால் ராஜா, அரங்கம் எழுந்து நிற்கும். அப்புறம் பாடகரும் நடிகருமான டீன் மார்ட்டின் வருகிறார், கையில் சிகரெட்டும் கோப்பையுமாக, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பு. இந்த இரண்டு யானைகளுக்குப் பிறகு கடைசியாகக் கூப்பிடப்படுகிறவர் ஜார்ஜ் கோபெல். ஐம்பதுகளில் சொந்த நிகழ்ச்சி வைத்திருந்து, பின்னால் மங்கிப்போன ஒரு சின்ன உருவம், குட்டை முடி, அப்பாவி முகம். பாவம், இவரை ஏன் இப்போது கூப்பிடுகிறார்கள் என்று நமக்கே தோன்றும்.

அவர் உட்காருகிறார். கார்சனைப் பார்த்து நிதானமாகக் கேட்கிறார்: "உலகமே ஒரு டக்சீடோ மாதிரியும், நாம மட்டும் ஒரு ஜோடி பழுப்பு ஷூ மாதிரியும் எப்பவாவது தோணியிருக்கா?"

டக்சீடோ என்பது விருந்துக்குப் போடுகிற கறுப்பு உடை, அதற்குக் கறுப்பு ஷூதான் போடுவார்கள். ஒரே வரியில் தன் நிலைமையையும், பக்கத்தில் இருக்கிறவர்களின் பெருமையையும், தன்னைக் கடைசியில் கூப்பிட்ட நியாயத்தையும் எல்லாம் சொல்லிவிட்டார். கார்சன் மேசையில் கவிழ்ந்துவிடுகிறார்.

அதோடு முடியவில்லை. கோபெல் பேசிக்கொண்டே இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீன் மார்ட்டின், கோபெலுக்குத் தெரியாமல் அவர் கோப்பைக்குள் தன் சிகரெட் சாம்பலைத் தட்டுகிறார். கூட்டம் சிரிக்கிறது. கோபெலுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. தன் வரிக்குத்தான் சிரிப்பு என்று கொஞ்சம் நிமிர்கிறார், ஆனால் சிரிப்பு தப்பான இடத்தில் வருவதும் அவருக்குத் தெரிகிறது. மறுபடி பேசுகிறார், மறுபடி சாம்பல். கார்சன் பார்த்துவிட்டார், ஆனால் சொல்லவில்லை. கேமரா இயக்குநரும் பார்த்துவிட்டார், சட்டென்று அகலமான ஷாட்டுக்கு மாறுகிறார், கோப்பையும் கையும் முகமும் ஒரே சட்டத்துக்குள். எழுதி வைத்து இதைச் செய்ய முடியாது.

கார்த்திக் ரன்சாவைக் கீழே வைத்துவிட்டான். "இன்னொரு தடவை போடுங்க சித்தி" என்றான்.


வெள்ளி, நெடுஞ்சாலை 81

நோர்ஃபோக்கிலிருந்து கான்சாஸ் வரைக்கும் தெற்கே ஒரே கோடு போட்ட மாதிரிச் சாலை. கொலம்பஸ், யார்க், மாநில எல்லை, கான்கார்டியா, சலைனா. பார்க்க ஒன்றுமில்லை என்பதால் பேசிக்கொண்டே வந்தோம்.

அவன் கேட்டான், நேற்றுப் பார்த்த மாதிரி இப்போது ஏன் வருவதில்லை? இப்போதும் பெரிய ஆட்கள் வருகிறார்களே?

வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒருவர் வந்து பேசி, புதுப் படத்தின் துண்டைக் காட்டிவிட்டுப் போனபிறகுதான் அடுத்தவர் வருகிறார். கார்சன் காலத்தில் வந்தவர் பெரும்பாலும் போகமாட்டார். மேசைக்குப் பக்கத்து நாற்காலி புது விருந்தாளிக்கு. அதில் இருந்தவர் எழுந்து சோபாவுக்கு நகருவார், சோபாவில் இருந்தவர் இன்னும் தள்ளி உட்காருவார். இப்படித் தள்ளித் தள்ளி நிகழ்ச்சி முடிவதற்குள் ஒரு வரிசை சேர்ந்துவிடும், கார்சனின் அறிவிப்பாளர் எட் மக்மான் கடைசியில். நம் ஊர்த் திண்ணை தான் அது. முதலில் வந்தவர் பேசி முடித்துவிட்டார், ஆனால் எழுந்து போகவில்லை, வருகிறவனைக் கலாய்க்கக் காத்திருக்கிறார்.

சில சமயம் சோபாவே பரிசு. புதிதாக வந்த நகைச்சுவைக்காரர் நின்றுகொண்டு தன் பங்கைச் சொல்லி முடிப்பார். கார்சன் கைவிரலால் சபாஷ் காட்டினால் நல்லது. வந்து உட்கார் என்று கூப்பிட்டுவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும். 1986இல் எலன் டிஜெனரஸ் முதல் தடவை வந்தபோது அவரைக் கூப்பிட்டார். முதல் வருகையிலேயே சோபாவுக்கு அழைக்கப்பட்ட முதல் பெண் நகைச்சுவைக் கலைஞர் அவர்தான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு இரவு நன்றாக அமைவது முதல் விருந்தாளியால் இல்லை. முதல் ஆளுக்குப் பெயர் இருக்கிறது, இரண்டாவது ஆளுக்குக் கவர்ச்சி இருக்கிறது. மூன்றாவதாக வருகிறவர்தான் சோபாவில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்து அதை வைத்து விளையாட முடியும். அவருக்கு இடம் கொடுக்க நேரம் வேண்டும். நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரமாக இருந்தது. 1980இல் கார்சனே கேட்டு அதை ஒரு மணி நேரமாக்கினார், அவருக்கு வேலை குறைந்தது. விளம்பரத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? கார்சன் மேல் எனக்கு இருக்கிற ஒரே கோபம் இதுதான்.

"அப்ப கிரஹாம் நார்ட்டன்?" என்றான். சரிதான், லண்டனில் நார்ட்டன் எல்லாரையும் ஒரே சோபாவில் சேர்த்து உட்கார வைக்கிறார். அதனால்தான் அந்த நிகழ்ச்சியின் துண்டுகள் மட்டும் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன.


சனி, ஹச்சின்சன், கான்சாஸ்

பூமிக்கு அடியில் 650 அடி. இரண்டடுக்கு லிப்ட், தலையில் கடினத் தொப்பி, தோளில் அவசரத்துக்கு மூச்சு விடுவதற்கான சின்னக் கருவி. கீழே போக ஒன்றரை நிமிடம், முழு இருட்டு. என் பக்கத்தில் இருந்த குழந்தை அழத் தொடங்கியது, பெரியவர்கள் சிலர் அழாததுதான் குறை.

இது ஸ்ட்ராட்டக்கா என்ற உப்புச் சுரங்க அருங்காட்சியகம். சுவர், கூரை, தரை எல்லாமே உப்பு. சாம்பல் நிறத்தில் கோடு கோடாக, சுமார் 27 கோடி வருடத்துக்கு முந்தைய கடல் வற்றிய மிச்சம். வெப்பநிலை வருடம் முழுக்க 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், ஈரம் குறைவு. படச்சுருளுக்கும் நாடாவுக்கும் இதைவிட நல்ல வீடு கிடையாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஏசி நின்றுபோனால் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், நாங்கள் பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டிருப்போம்.

அதனால்தான் 1959இலிருந்து இங்கே ஒரு பாதுகாப்புக் கிடங்கு இயங்குகிறது. ஹாலிவுட் படங்களின் மூலச் சுருள்கள், எண்ணெய் நிறுவனங்களின் ஆவணங்கள் என்று எத்தனையோ. கார்சனின் நாடாக்களும் இந்த உப்புக்குள் வந்து சேர்ந்தன. நியூயார்க் காலம் பெரும்பாலும் அழிந்துபோனதால் இவற்றில் அதிகமும் 1972க்குப் பிந்தையவை. பிறகு அவர் குடும்ப நிறுவனம் மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் கணினிக்கு மாற்றி, யார் எந்தத் தேதியில் வந்தார்கள் என்று தேடிப் பார்க்கிற மாதிரி வைத்தது. நாம் போனில் பார்க்கிற துண்டுகள் அங்கிருந்து வந்தவைதான்.

கிடங்குக்குள் நம்மை விடமாட்டார்கள். அருங்காட்சியகப் பகுதியில் கண்ணாடிக்குப் பின்னால் சினிமா உடைகள் சிலவற்றை வைத்திருக்கிறார்கள். எனக்கு அவற்றில் ஆர்வமில்லை. அடுக்கி வைத்த பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கார்த்திக் சுவரை நக்கிப் பார்த்தான், உப்புதான் என்று உறுதி செய்தான். இருபத்தெட்டு வயது அவனுக்கு.


ஞாயிறு, பர்பாங்க், கலிபோர்னியா

இறங்கிய விமான நிலையத்துக்கே 2003இல் பாப் ஹோப் பெயர் வைத்தார்கள். என்பிசி ஸ்டூடியோ இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவும் பாப் ஹோப் டிரைவ். அதன் எதிரில் இருக்கிற பூங்கா ஜானி கார்சன் பார்க், 1992இல் வைத்த பெயர். கோபெல் பெயரில் எதுவும் என் கண்ணில் படவில்லை. பழுப்பு ஷூ.

1972 மேயில் நிகழ்ச்சி நியூயார்க்கை விட்டு இங்கே வந்தது, ஸ்டூடியோ 1க்கு. நட்சத்திரங்கள் இங்கே இருந்தார்கள் என்பதுதான் காரணம். சாயங்காலம் ஐந்தரைக்குப் பதிவு, நடுவில் நிறுத்தி மறுபடி எடுப்பதெல்லாம் அநேகமாக இல்லை, நேரலை மாதிரியே ஓட்டிவிடுவார்கள். கிழக்குக் கரையில் இரவு பதினொன்றரை ஆகும்போது இங்கே எட்டரை, அதற்குள் நாடா தயார். கேமராவில் படாத இடத்தில் தயாரிப்பாளர் ஃப்ரெட் டி கொர்டோவா உட்கார்ந்து கையால் சைகை காட்டுவார்: நீட்டு, வெட்டு, விளம்பரம்.

என்பிசி 2014இல் காலி செய்துவிட்டது. அலமேடா அவென்யூவில் வேலி, காவலாளி, கதவு. பார்வையாளர்கள் வரிசையில் நின்ற நடைபாதையில் நாங்களும் நின்றோம். காவலாளி எங்களை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. சரி என்று பூங்காவுக்குப் போய் உட்கார்ந்தோம், பக்கத்தில் 134ஆம் நெடுஞ்சாலையின் இரைச்சல்.

அங்கே உட்கார்ந்துதான் 1992 மே 21ஆம் தேதி நிகழ்ச்சியைப் பார்த்தோம், அந்தக் கட்டடத்துக்கு எதிரிலேயே. விருந்தினர்கள் வந்த கடைசி இரவு அது. மறுநாள் நிகழ்ச்சிக்கு விருந்தினர்களே இல்லை, குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும்தான் பார்வையாளர்கள், ஐந்து கோடிப் பேர் பார்த்தார்கள் என்பார்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் முந்தின இரவைத்தான் சொல்வார்கள்.

நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ், முன்னும் பின்னும் ஆடும் நாற்காலி ஒன்றைப் பரிசாகக் கொண்டு வந்தார். ஓய்வு பெறப்போகிற கிழவருக்கு! அவர் வந்தால் கார்சனுக்கு வேலையே இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அப்புறம் பாடகி பெட் மிட்லர். பழைய பாட்டு ஒன்றின் வரிகளை மாற்றி கார்சனைக் கிண்டல் செய்து பாடினார். பிறகு பேச்சு கார்சனுக்குப் பிடித்த பாட்டுகள் பக்கம் போயிற்று. ஒரு பாட்டின் பெயரைச் சொன்னார், மிட்லர் அதைப் பாடத் தொடங்கினார், கொஞ்ச நேரத்தில் கார்சனும் சேர்ந்துகொண்டார். முப்பது வருடம் மற்றவர்களைப் பாடவிட்டுக் கேட்டவர், அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, சுருதி அவ்வளவு மோசமில்லாமல்.

கடைசியில் மிட்லர் எழுந்து போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மதுக்கடை மூடும் நேரத்தில் பாடுகிற அந்தப் பழைய விடைபெறும் பாட்டைப் பாடுகிறார். பாட்டைவிட எனக்கு முக்கியம் அந்த ஷாட். மேடையின் ஓரத்திலிருந்து, குறுக்காக, பாடுகிறவரின் பின்னால் தூரத்தில் கார்சனின் மேசை தெரிகிற மாதிரி ஒரு கோணம். இத்தனை வருடத்தில் அந்த நிகழ்ச்சியில் அந்தக் கோணத்தை யாரும் பார்த்ததில்லை என்பார்கள். பொதுவாகப் பாடுகிறவர் ஒரு கேமராவில், கேட்கிறவர் இன்னொன்றில், மாற்றி மாற்றி வெட்டுவோம். இயக்குநர் பாபி குவின் இங்கே அதைச் செய்யவில்லை, இரண்டு பேரையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துவிட்டார். கார்சனின் கண் கலங்குவது தெரிகிறது, ஆனால் நெருக்கத்தில் போய்ப் பிடுங்கி எடுக்கவில்லை. நானாக இருந்தால் நெருக்கத்துக்குப் போயிருப்பேன், சந்தேகமே வேண்டாம். மிட்லருக்கு இதற்காக எம்மி விருது கொடுத்தார்கள். அந்தக் கேமராக்காரருக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம்.

ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். ஹாலிவுட்டில் வைன் தெரு நடைபாதையில் கார்சன் பெயர் பதித்த நட்சத்திரம் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக 134இல் வண்டி ஊர்ந்தது.

"இந்த டிராஃபிக்ல அந்தக் காலத்து கெஸ்ட்டெல்லாம் எப்படி சித்தி டயத்துக்கு வந்தாங்க?" என்றான் கார்த்திக்.

நிறையப் பேருக்கு ரோட்டுக்கே வரவேண்டிய அவசியம் இல்லை. பாப் ஹோப் தன் சிறப்பு நிகழ்ச்சிகளை எடுத்தது இதே வளாகத்தில். டீன் மார்ட்டின் ஷோவும் இங்கேதான். 1976 டிசம்பரில் கார்சன் விடுப்பில் இருந்தபோது நிகழ்ச்சிக்கு வந்த நகைச்சுவைக்காரர் டான் ரிக்கிள்ஸ், கார்சனின் மேசையில் இருந்த சிகரெட் பெட்டியை உடைத்துவிட்டார். திரும்பி வந்த கார்சன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கேமராக்கள் பின்தொடர, எதிர் ஸ்டூடியோவில் ரிக்கிள்ஸின் தொடர் பதிவாகிக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக நடந்தே போய்ச் சண்டை பிடித்தார். ஒரு தாழ்வாரம்தான் தூரம்.

அதைக் கேட்டதும் அவன் அந்தத் துண்டையும் போடச் சொன்னான். வண்டி நகராததால் முழுசாகப் பார்த்தோம்.